விதைக்காய்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாடத்தில் 'எஷலோத்' என்றொரு வெங்காயம் வரும். ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்திருந்தேன். அது நம் சின்ன வெங்காயத்தின் உடன்பிறப்பு என்று தெரிந்தது, வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்து, சின்னமனூரில் பெண் எடுத்த பிறகுதான். தேனி அப்போது மதுரை மாவட்டம்.

பாலஸ்தீனக் கரையில் அஸ்கலோன் என்று ஒரு துறைமுகம். அவ்வூர்ப் பெயரில் வெங்காயம் ஒன்று இருப்பதை ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்தப் பெயர்தான் தேய்ந்து எஷலோத் ஆயிற்று. சிலுவைப் போருக்குப் போனவர்கள் கொண்டுவந்தது என்பார்கள். பெயர் அதற்கு ஆயிரம் வருடம் முந்தியது. நம் வெங்காய வடகமும் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுச் சமையலுக்குள் போய் 'வதுவான்' ஆகிவிட்டது.

மாமியார் விதை வாங்கியதே இல்லை. காயைப் பிரித்து நடுவார். ஒன்று வைத்தால் ஐந்தாறு சேர்ந்த கொத்தாக வரும். எழுபது நாளில் தாள் சாயும். தண்ணீரை நிறுத்திப் பிடுங்கி, தாளோடு உலர்த்தி, முடிச்சுப் போட்டு அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடுவார். விதைக்கு எடுத்துவைத்த பிறகுதான் குழம்புக்கு. அந்த ரகம் பூப்பது அபூர்வம். ஆகவே வருடாவருடம் மண்ணுக்குப் போவது பிள்ளையல்ல, அதே பழைய செடிதான். தின்று தீர்த்தால் வம்சமே போச்சு.

ஒரு ஐப்பசியில், சட்டையில் வெங்காய வாடை அடிக்கிறது என்று அந்த முடிச்சுகளை நான்தான் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். அடைமழை. பத்து நாளில் அத்தனையும் அழுகிவிட்டது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அவரே பக்கத்துத் தெருவுக்குப் போனார். மூன்று வருடம் முன்பு அங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு கை கொடுத்திருந்தாராம். முந்தானையில் திரும்பி வந்தது.

இப்போது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 நன்றாகப் பூத்து விதை தருகிறது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காய் தேவைப்பட்ட இடத்தில் ஒரு கிலோ விதை போதும். விவசாயிக்கு அது பெரிய லாபம், மறுக்கமாட்டேன். எனக்கு இருப்பது கிணற்றடியில் நாலு பாத்தி. இந்த வருடமும் பழைய காயையே நட்டேன். அறுத்ததும் முதல் முடிச்சைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்தனுப்பினேன்.