கணினி நினைவக எல்லையும் கெர்னலின் அறிவிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கணினிகள், மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளின் மாணவர்கள் வரை சென்று சேர்ந்தன. அவற்றில் விண்டோசும், சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. ஒரு கணினியில் பொருத்தப்பட்ட நினைவகம் ஒன்றே. ஆயினும் இரு இயங்குதளங்களும் காட்டும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முகவரியால் அமையும் எல்லை

1985இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலி 32 பிட் முகவரி கொண்டது. அதன் எல்லை 4 ஜிபி. 1991இல் இச்செயலிக்கென எழுதப்பட்ட லினக்ஸ், பின்னர் அம்முகவரிப் பரப்பில் 3 ஜிபியைப் பயனர் நிரல்களுக்கும் 1 ஜிபியை இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்கும் ஒதுக்கியது. கெர்னல் நேரடியாகக் கையாளத்தக்க நினைவகம் இதனால் 896 எம்பி அளவில் நின்றது. 2001இல் வெளியான 2.4 பதிப்பு, எஞ்சியதை 'உயர் நினைவகம்' எனப் பிரித்துத் தேவைப்படும்போது இணைத்துக்கொண்டது. ஆகவே 896 எம்பி என்பது வன்பொருள் விதித்த எல்லையன்று. வடிவமைப்பு விதித்த எல்லை.

உரிமத்தால் அமையும் எல்லை

1995இல் வந்த பென்டியம் புரோ 36 பிட் முகவரியால் 64 ஜிபி வரை அணுகவல்லது. எனினும் தனிப்பயனருக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபியைக் கடக்கவில்லை. சாதன இயக்கிகள் உயர்முகவரிகளில் பிழைபட்டமை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பின் எல்லையோ 2 ஜிபி மட்டுமே. பட்டாசுக் கிடங்கின் கொள்ளளவு வேறு, உரிமத்தில் குறிக்கப்பட்ட இருப்பளவு வேறு என்பதைச் சிவகாசி வட்டாரம் நன்கறியும். ஈண்டும் நிலை அதுவே.

அறிவிக்கும் முறை

விஸ்டா தொடக்கத்தில் பயன்படத்தக்க அளவை மட்டும் காட்டியது. 4 ஜிபி வாங்கியவர் 3 ஜிபிக்குச் சற்று மேலான எண்ணையே கண்டார். சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகள் எஞ்சியதை விழுங்கியிருந்தன. 2008இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு, பொருத்தப்பட்ட அளவைக் காட்டத் தொடங்கியது. குழப்பம் மறைந்தது, உண்மை நிலையும் உடன் மறைந்தது. விண்டோஸ் 7 இரண்டையும் அருகருகே காட்டிற்று.

லினக்சின் 'மெம்டோட்டல்' அளவு, பயாஸ் ஒதுக்கிய பகுதியும் கெர்னலின் சொந்தப் பகுதியும் நீங்கிய எஞ்சிய நினைவகமாகும். புதிய நிரலுக்கு எவ்வளவு கிட்டும் என்பதை அறிய, வெற்றிடத்தையும் தற்காலிகச் சேமிப்பையும் பயனர்கள் கூட்டிப் பார்த்தனர். பகிர்வு நினைவகமும் அச்சேமிப்பில் அடங்கியதால் கணக்குப் பிழைத்தது. 2014இல் 3.14 பதிப்பு 'மெம்அவைலபிள்' என்னும் மதிப்பீட்டைத் தானே வழங்கியது.

முடிவுரை

நினைவக அளவு பற்றிய எண் வெறும் அளவீடன்று. எதைச் சொல்வது என்று கெர்னலை வடிவமைத்தோர் எடுத்த முடிவு. பொருத்தப்பட்டது, அணுகத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, இப்போது கிட்டுவது என்னும் நான்கும் ஒரே எண்ணில் அடங்கா. அவற்றை ஒன்றாக்கிக் காட்டினால், குறைந்த எண்ணைக் காணும் மாணவர் கணினியையோ வழங்கியவரையோ ஐயுறுவார். எண்ணோடு காரணத்தையும் காட்டும் முறையே அவ்வையத்தை நீக்கும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.