கணவருக்கு முகாம் மாற்றம்: மனைவியின் தொழிலும் கூடவே போக முடியுமா?

லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து சபாவின் செப்பாங்காருக்கு. குளுவாங் மஹ்கோத்தா முகாமிலிருந்து கூச்சிங் பென்ரிசனுக்கு. மாற்றல் கடிதம் வந்தால் படைவீரரின் சம்பளமும் பதவியும் அவரோடு லாரியில் ஏறிவிடும். மனைவி ஆறு வருடமாகச் சேர்த்த தையல் வாடிக்கையாளர்கள் ஏற மாட்டார்கள். தொழிற்சாலையில் அவருக்கு இருந்த பணிமூப்பும் ஏறாது.

‘அவர் சம்பளம் இருக்கிறதே’ என்று பல குடும்பங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதிகாரி நிலையில் இல்லாத படைவீரர் 21 ஆண்டு சேவையில் ஓய்வூதியத் தகுதி பெறுகிறார். இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டி வீட்டுக்கு வந்துவிடுவார். அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகள் அப்போதும் பள்ளியில்தான் இருப்பார்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தைவிடக் குறைவு. ஆயுதப்படை நிதி வாரியமான எல்தாட்டில் சேர்ந்த பணம் பெரும்பாலும் வீட்டு முன்பணத்துக்கே சரியாகப் போய்விடும். அந்த நாளில் மனைவியின் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதுதான் குடும்பத்தின் நிலையை முடிவு செய்கிறது.

மனைவி படையில் இருந்து, கணவர் பின்னால் போகும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

அனுமதி யாருடையது?

ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியது: இதற்கான அனுமதியை யார் கொடுக்கிறார்? நாடு முழுவதற்கும் கொடுக்கும் அமைப்பா, ஓர் ஊருக்கு மட்டும் கொடுக்கும் ஊராட்சி மன்றமா? முதல் வகை கூடவே வரும். இரண்டாம் வகையை ஒவ்வொரு ஊரிலும் புதிதாக எடுக்க வேண்டும்.

தாதியர் தொழில் முதல் வகை. மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்து வந்தால் ஊர் மாறும்போது பதிவு மாறாது. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழும் அப்படித்தான். தையல், கேக் செய்தல், அழகுக் கலை, குழந்தைப் பராமரிப்பு என வீட்டில் இருந்தபடி பெண்கள் செய்யும் பல வேலைகளுக்கு இந்தச் சான்றிதழ் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேலை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர் முழு வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால் அதே சான்றிதழ் கிடைக்கும். பத்து வருடமாகத் தோட்டத்தில் எல்லாருக்கும் ரவிக்கை தைத்தவரிடம் அனுபவம் இருக்கிறது, ஆதாரம்தான் இருப்பதில்லை. இன்றிலிருந்தே தைத்ததைப் படம் எடுத்து, ரசீது எழுதி வையுங்கள்.

சிறு வியாபாரத்துக்கு எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு. சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இணையத்திலேயே செய்யலாம். பதிவு மனைவியின் பெயரில் இருக்கட்டும், வங்கிக் கணக்கும் அப்படியே. தீபகற்பத்துக்குள் இடம் மாறினால் புதிய முகவரியை 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும், பதிவு தொடரும். ஆனால் கடைக்கான உரிமத்தைப் புதிய ஊராட்சி மன்றத்தில்தான் எடுக்க வேண்டும்.

முகாம் குடியிருப்பில் நடத்தும் தொழிலுக்கு முகாம் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். முன்னால் இருந்தவர் செய்தார், நாமும் செய்யலாம் என்று இருந்துவிட வேண்டாம். பிள்ளை பார்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நான்கு முதல் ஒன்பது குழந்தைகள் வரை வீட்டில் வைத்துப் பார்த்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வீட்டுப் பராமரிப்பு மையம். சமூக நலத்துறையில் பதிய வேண்டும்.

கடல் தாண்டினால்

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன. சபாவும் சரவாக்கும் குடிநுழைவு விவகாரத்தில் தனி அதிகாரம் கொண்டவை. தீபகற்ப மலேசியர் அங்கே அடையாள அட்டையைக் காட்டி 90 நாள் வரை தங்கலாம். வேலை செய்வதற்கு அனுமதி வேண்டும். கணவர் கூட்டரசுப் பணியில் போகிறார் என்பதால் மனைவிக்கு வேலை செய்யும் உரிமை தானாக வந்துவிடாது. நீண்ட காலம் தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் என்னென்ன பாரம் தேவை என்று அந்த மாநிலக் குடிநுழைவுத் துறையிடம் புறப்படும் முன்பே கேட்க வேண்டும். போய் இறங்கி, வேலை கிடைத்த பிறகு கேட்டால் முதலாளி காத்திருக்க மாட்டார்.

வியாபாரப் பதிவும் அங்கே வேறு. எஸ்எஸ்எம் பதிவுக்கு அடிப்படையான 1956ஆம் ஆண்டுச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டுமே. சபா, சரவாக்கில் அவற்றின் சொந்தச் சட்டங்களின்படி உரிமம் எடுக்க வேண்டும். ஆகவே விமானப்படைக் குடும்பம் லாபுவானுக்குப் போவதும், தரைப்படைக் குடும்பம் லோக் காவிக்குப் போவதும் ஒன்றல்ல. வழக்கறிஞராக இருப்பவருக்கோ இன்னும் கடினம்: தீபகற்பத்தில் பெற்ற தகுதியை வைத்து அங்கே நேராக நீதிமன்றம் ஏற முடியாது.

தமிழாசிரியர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சபாவிலும் சரவாக்கிலும் தமிழ்ப்பள்ளி இல்லை. கல்வி அமைச்சின் இணையவழி மாற்றல் விண்ணப்பத்தில் ‘துணைவரைப் பின்தொடர்தல்’ ஏற்கப்படும் காரணம்தான். ஆனால் கிடைப்பது தேசியப் பள்ளியாக இருக்கும், வேறு பாடம் நடத்த வேண்டி வரலாம். அரசு ஊழியர்களுக்குத் துணைவரைப் பின்தொடர்ந்து செல்லச் சம்பளமில்லா விடுப்பு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. வேலையை ராஜினாமா செய்யும் முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். அவசரத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் புது ஆளாக விண்ணப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அரசுப் பணியில் இல்லாதவர், தீபகற்பத்துப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் டியூஷன் நடத்தலாம். 1982 முதல் இரு பகுதிக்கும் ஒரே நேரம் என்பதால் வகுப்பு அட்டவணை மாறாது. கோத்தா கினபாலுவில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், அவ்வளவுதான். அங்கிருந்து நடத்தும்போதும் அனுமதி பற்றிக் குடிநுழைவுத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது

தைப்பிங்கில் தீபாவளிக்கு இரவு பகலாக ரவிக்கை தைத்தவருக்குக் கோத்தா பெலூட்டில் அந்த வாடிக்கை கிடைக்காது. ஆனால் அங்கேயும் முகாம் இருக்கிறது. சீருடையை அளவுக்குக் குறைப்பது, பெயர்ப்பட்டையும் பதவிச் சின்னமும் தைப்பது, திரைச்சீலை தைப்பது எல்லாம் எந்த முகாமிலும் நடக்கும் வேலை. பழைய வாடிக்கையாளர்களின் அளவுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தொலைபேசி எண்ணையும் மாற்றாதீர்கள். அளவு இருந்தால் ரவிக்கையை அஞ்சலில் அனுப்பலாம்.

முறுக்கு, கேக், மசாலை விற்பவருக்கு உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசி அட்டையும் வேண்டும். தடுப்பூசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவ்விரண்டும் ஊரோடு நின்றுவிடுபவை அல்ல.

புதிய முகாமில் முதலில் தேட வேண்டிய இடம் பாக்காட், அதாவது ஆயுதப்படைக் குடும்ப நல அமைப்பு. நம் பெண்கள் சிலர் மொழிக் கூச்சத்தால் ஒதுங்கி நிற்கிறார்கள். அது வேண்டாத கூச்சம். முதல் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்கள்.

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் ஏற்றவை. ஊர் மாறினாலும் படிப்பு தொடரும்.

சேமிப்பும் காப்பும்

கணவரின் ஓய்வூதியம் அவர் சேவைக்கானது. மனைவிக்கென்று தனிக் கணக்கு இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியில் சொந்தத் தொழில் செய்பவர் தானாகவே சந்தா கட்டலாம். ஐ-சாராஆன் திட்டத்தில் பதிந்தால் அரசாங்கமும் ஒரு வரம்புக்குள் சேர்த்துப் போடும். சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்டவர் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் உள்ளது.

இடம் மாறியதும் அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். சான்றிதழ், பதிவுப் பத்திரம், பழைய முதலாளியின் கடிதம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அதைப் பெட்டிகளோடு லாரியில் ஏற்றாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கோப்பில் கணவரின் மாற்றல் கடிதத்தின் நகல் இரண்டு மூன்று இருக்கட்டும். குடிநுழைவுத் துறை, பள்ளி, முகாம் நிர்வாகம் என எங்கே போனாலும் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.