இரண்டு உருக்காலைகளும் உதவிக் கணக்கும்

தென்கொரியாவையும் இந்தியாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லப்படுகிற ஒரு நீதிக்கதை உண்டு. இரண்டும் காலனிகளாக இருந்தவை. இரண்டும் அமெரிக்கக் கோதுமையைத் தின்றவை. ஒன்று வாங்கிய உதவியை ஒழுங்காகப் பயன்படுத்தி, 2009இல் உதவி வழங்கும் பணக்கார நாடுகளின் குழுவிலேயே இடம் பிடித்துவிட்டது. மற்றது சோசலிசம் பேசி வாங்கியதை வீணடித்தது. பொருளாதாரப் பேராசிரியர்களிலிருந்து தலையங்கக்காரர்கள் வரை சொல்வது இதைத்தான். நாமும் தலையாட்டிட்டுப் போயிடுறோம்.

இந்தக் கதையாடலில் ‘உதவி’ என்ற சொல் எந்தக் கேள்விக்கும் உட்படாமல் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்பதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். யார் பெயரால் வந்தது, பதிலுக்கு எது போனது என்ற இரண்டு பத்திகள் அந்தப் பேரேட்டில் இல்லை. அவற்றையும் சேர்த்து வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் என் யோசனை.

முதலில் தானியம். அமெரிக்காவில் மிஞ்சிக் கிடந்த விளைச்சலை வெளியே தள்ளுவதற்கு வந்தது 1954இன் பி.எல். 480 சட்டம். 1953க்கும் 1962க்கும் இடையே தென்கொரிய இறக்குமதியில் ஏறத்தாழ 70 சதவீதம் அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்தது. பி.எல். 480 தானியத்தை உள்ளூரில் விற்று வந்த தொகையில் பெரும்பங்கு ராணுவத்துக்குப் போனது. இந்தியா 1956இல் ஒப்பந்தம் போட்டு, ரூபாயில் விலை கொடுத்து வாங்கியது. மொத்தத் தொகை பெரிது; தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கொரியருக்குக் கிடைத்ததில் சிறு துண்டுதான் இந்தியருக்கு. நீதிக்கதை இந்த வகுத்தல் கணக்கைக்கூடப் போடுவதில்லை.

1965, 66 வறட்சியில் இந்தியா ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அப்போது ஜான்சன் கப்பல்களை மாதாமாதம் அளந்து அனுப்பினார். வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது அவருக்கு எரிச்சல். 1965 நவம்பரில் ரோமில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனோடு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். இந்திய விவசாயக் கொள்கை அதற்குள் வந்தது. 1966 ஜூன் 6இல் டாலரின் விலை ரூபாய் 4.76இலிருந்து 7.50 ஆனது. இதற்குப் பிரதியாகச் சொல்லப்பட்ட உதவி முழுசா வரவில்லை.

நம் புறப்பாடல் மரபில் பரிசில் வாங்கிய புலவன் புரவலனைப் பாடியாக வேண்டும். இந்தியா வாங்கிவிட்டு முணுமுணுத்தது, கயிறு இறுகியது. கொரியாவோ பாடியதோடு நிற்கவில்லை, படையும் அனுப்பியது. 1964க்கும் 1973க்கும் இடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியச் சிப்பாய்கள் வியட்நாமுக்குப் போனார்கள். அதற்கு ஈடாகக் கடன், தளவாடம் என்று அமெரிக்கா தரப்போவதை 1966 மார்ச்சில் எழுத்திலேயே கொடுத்தது. ‘ஒழுங்கான பயன்பாடு’ என்று இன்று பாராட்டப்படுவதற்குள் இந்த ரத்தமும் இருக்கிறது, வியட்நாமிய ரத்தமும்.

அடுத்தது உருக்கு. பொகாரோ ஆலைக்கு இந்தியா முதலில் அமெரிக்காவைத்தான் கேட்டது. அரசுத்துறைக்கு எதற்குப் பணம் என்று அங்கே எதிர்ப்பு. 1963இல் நேரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். 1965 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் கைகொடுத்தது. அதுவும் சும்மா இல்லை. இந்தியப் பொறியியல் நிறுவனமான தஸ்தூர் பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்த வடிவமைப்பு ஓரங்கட்டப்பட்டது. முதல் ஊதுலை 1972 அக்டோபரில் எரிந்தது.

கொரியாவின் போஹாங் ஆலைக்கும் இதே அனுபவம். இது தேறாது என்றது உலக வங்கி. பணம் வந்த வழிதான் வேறு. 1965 ஜூன் 22இல் ஜப்பானோடு போட்ட ஒப்பந்தப்படி 30 கோடி டாலர் இனாம், 20 கோடி டாலர் அரசுக் கடன். பதிலுக்கு, காலனிய காலத்து உரிமைக் கோரிக்கைகள் ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ தீர்ந்துவிட்டன என்று எழுதிக்கொண்டார்கள். இந்தப் பேச்சுவார்த்தையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்களை 1964இல் ராணுவச் சட்டம் போட்டு ஒடுக்கியது பார்க் சுங் ஹீயின் அரசு. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பெயரால் வந்த பணத்தில் சுமார் 12 கோடி டாலர் போஹாங்குக்குப் போனது. அதுவும் ஜப்பானியப் பொருளாக, ஜப்பானியச் சேவையாக. தொழில்நுட்பம் தந்தவற்றில் நிப்பான் ஸ்டீலின் மூலக் கம்பெனிகளும் அடக்கம். கொரியர்களைக் கட்டாய உழைப்பில் வதைத்த அதே பரம்பரை. செத்தவர்களின் குடும்பங்களுக்கு 1970களில் தலைக்கு மூன்று லட்சம் வோன் கொடுத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கு ஒன்றுமில்லை.

தமிழில் கடன் என்றால் கடமையும்தான். நாடுகள் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு, தவணை உண்டு, தள்ளுபடியும் உண்டு. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை எழுதி, பி.எல். 480 ரூபாய் இருப்பில் பெரும்பங்கை இந்தியாவிடமே விட்டுக்கொடுத்தார். ஜனங்களுக்குப் பட்ட கடனுக்கு அப்படி எந்தக் காசோலையும் இல்லை.

2018 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம் நான்கு கட்டாய உழைப்பாளிகளுக்கு நிப்பான் ஸ்டீல் தலா பத்துக் கோடி வோன் தர வேண்டும் என்றது. நால்வரில் ஒருவரே அப்போது உயிரோடு இருந்தார். ஜப்பானியக் கம்பெனி தரவில்லை. 2023இல் கொரிய அரசு ஓர் அறக்கட்டளை வழியாகக் கணக்கை முடிக்க முனைந்தபோது அதற்கு 400 கோடி வோன் கொடுத்தது போஹாங் ஆலையின் கம்பெனியான போஸ்கோ. பொகாரோவில், ஆலைக்கு நிலம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலை கேட்டு 2025 ஏப்ரலில் ஆலை அலுவலகத்தின் முன் திரண்டார்கள். தடியடி நடந்தது, ஓர் இளைஞர் செத்துப்போனார்.

எந்த நாடு உதவியை நன்றாகப் பயன்படுத்தியது என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஆலை வாசல்களிலும் நின்று அதைக் கேட்கட்டும். நாடு என்று அவர்கள் சொல்வது யாரை என்பதை முதலில் அங்கே விளக்க வேண்டியிருக்கும்.