ஒரு திருகாணியின் கதை

கிடார் வாசிக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா கொஞ்ச நேரத்துல பேச்சு ஆம்ப்ளிஃபயருக்குப் போயிடும். இன்னும் கொஞ்ச நேரத்துல "பயாஸ் செட் பண்ணிட்டியா?"ன்னு ஒருத்தர் கேட்பார். அந்தக் கேள்வி எனக்குப் புரியவே ரொம்ப நாளாச்சு. புரிஞ்சதுக்கு நான் கொடுத்த விலை ரெண்டு நல்ல வால்வு. அந்த சோகத்துக்கு அப்புறம் வர்றேன். முதல்ல வரலாறு.

தாத்தா வீட்டுல ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ஆன் பண்ணா அரை நிமிஷம் கழிச்சுதான் பேசும். பின்பக்க அட்டையின் ஓட்டை வழியா உள்ளே ஆரஞ்சு நிறத்துல மினுங்கறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். அதே வால்வு குடும்பம்தான் கிடார் ஆம்ப்ளிஃபயரிலும். ரேடியோ, டிவி எல்லாம் எப்பவோ டிரான்சிஸ்டருக்கு மாறியாச்சு. கிடார்காரங்க மட்டும் இன்னும் பிடிவாதமா வால்வைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்காங்க.

வால்வுக்குள்ள நடக்கிறது ரொம்ப எளிமை. சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி பிளேட்டுக்கு ஓடும். நடுவுல கிரிட்னு ஒரு கம்பி வலை. அதுக்கு மைனஸ் வோல்ட்டேஜ் கொடுத்தா ஓட்டம் குறையும். கிடார் சத்தமே வராதப்போ எவ்வளவு ஓடணும்னு முடிவு பண்ற அந்த மைனஸ் வோல்ட்டேஜுக்குப் பேர்தான் பயாஸ். பைக் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஐடிலிங் செட் பண்றாரே, அதே சங்கதி. குறைச்சலா வச்சா வண்டி இழுக்காம திணறும், கூட வச்சா எஞ்சின் சும்மா நின்னே கொதிக்கும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ரெண்டு வால்வும் ரெண்டு பேர் ரம்பம் பிடிச்சு மரம் அறுக்கிற மாதிரி வேலை செய்யும். ஒருத்தர் இழுத்து முடிக்கும்போது அடுத்தவர் ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையைத் தளர்த்தினா ரம்பம் சிக்கும். பயாஸ் ரொம்பக் குறைவா இருந்தா நடக்கிறது அதுதான். ஒலி அலை கை மாறுற இடத்துல ஒரு சின்ன உடைசல் விழும், மெதுவா வாசிக்கும்போது கரகரன்னு கேட்கும்.

இதுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு கேத்தோட் பயாஸ். கேத்தோடுக்குக் கீழே ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா, ஓட்டம் கூடக்கூட வால்வு தன்னைத்தானே அடக்கிக்கும். 1950-களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் செஞ்ச சின்ன 'டீலக்ஸ்' அப்படித்தான். 250 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு, கதை முடிஞ்சது. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30-யும் அந்த ஜாதிதான். இன்னொண்ணு ஃபிக்ஸ்டு பயாஸ். தனியா ஒரு மைனஸ் சப்ளை செஞ்சு கிரிட்டுக்குக் கொடுக்கிறது. பவர் அதிகம் வேணும்னா இதுதான். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ இந்த வகை. லண்டன் ஹான்வெல்லில் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷலும் அவரோட ஆட்களும் 1962-ல் அதைப் பார்த்துத்தான் தங்களோட முதல் ஆம்ப்ளிஃபயரைச் செஞ்சாங்க.

இப்ப ஒரு வேடிக்கை. பாஸ்மேனில் 'ஃபிக்ஸ்டு' உண்மையிலேயே ஃபிக்ஸ்டு. திருகாணியே கிடையாது. போட்ட ரெசிஸ்டர் என்ன கொடுக்குதோ அதுதான். அடுத்து 1963-ல் வந்த ஏபி763 சர்க்யூட்டில் (7-ஆம் மாசம், 63-ஆம் வருஷம்னு அர்த்தம்) ஒரு சின்ன திருகாணி வந்துச்சு. பேர் ஃபிக்ஸ்டு, ஆனா திருகலாம்! வால்வு மாத்தினா திருகி சரி பண்ணிக்கலாம். கறுப்பு முகப்பு வச்ச அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களை 'பிளாக்ஃபேஸ்'னு சொல்லி இன்னிக்கும் கொண்டாடுறாங்க.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ்ஸுக்கு வித்துட்டார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அப்புறம் முகப்பு வெள்ளியா மாறிச்சு. 1968-ல் உள்ளேயும் கை வச்சாங்க. பெரிய மாடல்களில் பாதி கேத்தோட் பயாஸ், பாதி ஃபிக்ஸ்டு பயாஸ்னு ஒரு கலவை. வாசிக்கிறவங்களுக்குப் பிடிக்கலை. அந்தக் கலவை சீக்கிரமே போயிடுச்சு. ஆனா கூடவே வந்த ஒண்ணு போகலை. அந்தத் திருகாணி அங்கேயேதான் இருந்தது, அதோட வேலைதான் மாறியிருந்தது.

பழைய திருகாணி எல்லா வால்வுக்கும் சேர்த்து ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். புதுசு அப்படி இல்லை. இந்தப் பக்கம் கூட்டினா அந்தப் பக்கம் குறையும். தராசு மாதிரி. பேரே 'பயாஸ் பேலன்ஸ்'. ஜோடி பொருந்தாத வால்வுகளைப் போட்டாலும் ரெண்டு பக்கத்தையும் சமமாக்கி, ஹம் சத்தத்தைக் கொல்லலாம். முட்டாள்தனமான யோசனைன்னு சொல்ல முடியாது. ஆனா மொத்த ஓட்டத்தை மாத்த வழியே இல்லாம போச்சு.

இங்கதான் நான் வர்றேன். 70-களின் சில்வர்ஃபேஸ் ஒண்ணு பழைய சாமான் விக்கிற இடத்துல மலிவா கிடைச்சது. தூக்கிட்டு வந்து புது 6எல்6 நாலு போட்டேன். பின்னாடி திருகாணி கண்ணுல பட்டுச்சு. 'ஓ, இதுதான் பயாஸ் போல'ன்னு நினைச்சு, மீட்டர் கூட வைக்காம, காதை நம்பி ஒரு முனை வரைக்கும் திருகினேன். சத்தம் கொஞ்சம் கொழுகொழுன்னு ஆன மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா ஒரு காபி போட்டு எடுத்துட்டு வந்து பார்த்தா, ஒரு பக்கத்து ரெண்டு வால்வோட பிளேட்டும் கொல்லன் உலையில் போட்ட இரும்பு மாதிரி செக்கச்செவேல்! ஓடிப்போய் ஆஃப் பண்ணேன். அந்த ரெண்டும் அப்புறம் தேறவே இல்லை. தப்பு முழுக்க என்னுது.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். கணக்கு கஷ்டமில்லைங்க. 6எல்6ஜிசி-யின் பிளேட் 30 வாட்ஸ் வரை சூடு தாங்கும். பிளேட்டில் 450 வோல்ட்ஸ் இருந்தா, 30-ஐ 450-ஆல் வகுத்தா சுமார் 67 மில்லி ஆம்ப்ஸ். அதுல 70 சதவீதம்னா 47. எல்லாரும் சொல்ற அந்த 70 என்பது மேல் எல்லை, அங்கேயே போய் நிக்கணும்னு அவசியமில்லை. கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தா 1 மில்லி வோல்ட்டுக்கு 1 மில்லி ஆம்ப். நான் 36-ல் நிறுத்தினேன். கணக்குப்படி 16 வாட்ஸ் சொச்சம். வால்வும் நிம்மதி, நானும் நிம்மதி.

ஆனா 36-க்குக் கொண்டு வரணும்னா அந்த தராசுத் திருகாணியைப் பழைய மாதிரி மாத்தணுமே! ரெண்டு மூணு ஒயரை மாத்தி, ரெசிஸ்டரைச் சரி பண்ணா ஆச்சு. இதைத்தான் 'பிளாக்ஃபேஸிங்'னு பல வருஷமா செஞ்சுட்டு வர்றாங்க. பிளாக்ஃபேஸ் விலை ஏற ஏற, மலிவா கிடைச்ச சில்வர்ஃபேஸை எல்லாம் பிரிச்சு 1965-க்கு இழுத்துட்டுப் போனாங்க.

சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தப்போ எனக்கு ஒரு தயக்கம். உள்ளே ஒட்டின காகிதம் பழுப்பேறி அப்படியே இருக்கு. ஃபேக்டரியில் யாரோ ஒருத்தர் வச்ச சால்டர் இன்னும் பளபளன்னு இருக்கு. சிபிஎஸ் காலம்னு எல்லாரும் திட்டினாலும் அதுவும் நடந்த வரலாறுதானே? எல்லாத்தையும் பிடிச்ச வருஷத்துக்கே மாத்திட்டா, நடுவுல என்ன நடந்துச்சுன்னு காட்ட ஒரு பெட்டி கூட மிஞ்சாது. இன்னொரு பக்கம், வாசிக்க முடியாத கருவியை வச்சு என்ன பண்றது?

கடைசியில் மாத்தினேன். ஆனா எந்த ஒயரையும் வெட்டலை. கழட்டின ரெசிஸ்டரை ஒரு சின்ன கவரில் போட்டு, பழைய இணைப்பு எப்படி இருந்துச்சுன்னு படம் வரைஞ்சு, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வச்சிருக்கேன். எனக்கு அப்புறம் வர்றவர் 1970-களைத் திரும்பக் கேட்கணும்னு ஆசைப்பட்டா, அரை மணி நேர வேலை.

நேத்து ராத்திரி விளக்கை அணைச்சுட்டு வாசிச்சேன். நாலு வால்வும் ஒரே அளவு ஆரஞ்சு. தாத்தா ரேடியோ ஞாபகம் வந்துச்சு.

டிஸ்கி: ஆர்வக்கோளாறுல யாரும் பெட்டியைத் திறந்துடாதீங்க சாமிகளா. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர்களில் 400 வோல்ட்ஸுக்கு மேல தேங்கி நிக்கும். அதை முறையா இறக்கத் தெரியாதவங்க தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. வால்வு போனா வாங்கிக்கலாம்.