முற்றத்துக்கு வந்த பள்ளி

அங்கன்வாடி என்னும் சொல்லை அறியாத இல்லம் இன்று நம் சேரிகளில் இல்லை. ஆயினும் அச்சொல் யார்பொருட்டுப் பிறந்தது என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறிந்திலர். மராத்தியில் 'அங்கண்' என்பது வீட்டு முற்றத்தைக் குறிக்கும். தீண்டாமையால் ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்ட மக்களின் முற்றத்தையே அது முதலில் குறித்தது. ஆதலின் இவ்வரலாறு நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இடம்பெறுதல் பொருத்தமாகும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகவே தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அம்முறை நம் நாட்டை அடைந்தபோதோ, விலைமிக்க கருவிகளோடு நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உடைமையாயிற்று. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திர் ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவருடன் சேர்ந்து பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் (1892–1973), நகரத்துப் பணியோடு அமைதி கொள்ளவில்லை. 1945இல், அன்றைய பம்பாய் மாகாணத்தின் தாணா மாவட்டத்தில், போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் கிராம பால சிக்ஷா கேந்திரத்தை நிறுவினார். சிறுமியாயிருக்கும்போதே கைம்மை எய்திய அனுதாய் வாக் அம்மையார் (1910–1992) அவருக்குத் துணையாய் அமைந்தார்.

அதே 1945இல், அதே மாகாணத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. கல்லூரியின் வரலாற்றை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பாலர் பள்ளியின் வரலாற்றைப் பேசுவோர் அரியர்.

போர்டியில் பாலவாடி திறக்கப்பட்டது. ஆனால் சேரிக் குழந்தைகள் அங்கு வரவில்லை. காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. பொழுது விடியுமுன் தாய் கூலிக்குப் போய்விட்டால் மூன்று வயதுப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவார் யார்? உடுத்தி அனுப்ப நல்ல துணி ஏது? சாதித் தெருவைக் கடக்கும் அச்சமோ பெற்றோருக்கே தீர்ந்தபாடில்லை. பிறராயின் 'இம்மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை' என்று எழுதி வைத்துவிட்டு வாளா இருந்திருப்பர். தாராபாய் அம்மையாரோ பள்ளியையே பெயர்த்துச் சேரிக்குக் கொண்டு சென்றார். அன்றைய வழக்கில் 'ஹரிஜன் வாடா' என அழைக்கப்பட்ட அக்குடியிருப்பின் (நம்மவர் ஏற்காத பெயர் அது) முற்றத்தில் பிள்ளைகள் திரட்டப்பட்டனர். நீராட்டித் தலைவாரி விடுவதே முதற்பாடம். பின்னர்ப் பாட்டு, கதை, ஆட்டம். மரக் கருவிகள் வாங்கப் பணமில்லை. கூழாங்கல்லும் கிளிஞ்சலும் விதையும் இலையும் கருவிகளாயின. எண்ணுதலும் வகைபிரித்தலும் அவற்றாலேயே பயிலப்பட்டன.

இப்பள்ளியின் நோக்கம் எழுத்தைத் திணிப்பதன்று. புலன்களைக் கூர்மையாக்குதல், தன் வேலையைத் தானே செய்தல், வீட்டு மொழியில் கூசாது பேசுதல் ஆகியவையே அதன் குறிக்கோள். நமக்கு இம்மூன்றாவது மிக முதன்மையானது என்பது என் துணிபு. குரலைத் தாழ்த்து, ஒதுங்கி நில் என்னும் பாடத்தை நம் குழந்தை முதல் வகுப்புக்குப் போகுமுன்னரே ஊரிடம் கற்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குள் படிந்த அச்சத்தைப் பத்தாம் வகுப்பில் துடைக்க முயல்வது பெரும்பாடு.

1957இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வாழ்ந்தோர் வார்லிப் பழங்குடியினர். 1945இல் கொத்தடிமைத்தனத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. தம்பி தங்கையரைச் சுமந்து திரிந்த சிறுமியரின் படிப்புக்காகக் குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் 'விகாஸ்வாடி' என அமைக்கப்பட்டன.

இங்கு ஒன்று கூறியாக வேண்டும். பள்ளி சேரிக்கு வந்ததால் சேரி பயனுற்றது, ஊர்த்தெரு மாறியதா? தனி முற்றம் தொடக்கத்திற்கு இன்றியமையாதது. அதுவே முடிவாகிவிட்டால், சாதிப் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பாயில் அமரும் நாள் வராமலே போகும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மையங்களுக்கு 'அங்கன்வாடி' என்னும் பெயரே வழங்கலாயிற்று. தமிழகத்தில் 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறத்து மழலையருக்கும் மதிய உணவளித்தது. பசித்த வயிற்றுக்கு அது பேருதவி. ஆனால் பல ஊர்களில் மையமென்றால் சோறு போடுமிடம் என்றே மக்கள் எண்ணலாயினர். பாட்டும் கதையும் பின்தள்ளப்பட்டன. நம்மவர் சமைத்தால் தம் பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோரும் உளர்.

ஆகவே நம் சங்கத்து இளைஞர்கள் தத்தம் ஊர் மையத்துக்கு ஒரு முற்பகல் சென்று அமர்ந்து பார்த்தல் வேண்டும். அது எந்தத் தெருவில் உள்ளது? நம் குடியிருப்பின் கடைசி வீட்டுக் குழந்தை அங்கு நடந்து செல்லக் கூடுமா? எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வருகின்றனர், எவ்வாறு அமர்த்தப்படுகின்றனர்? உணவுக்கு முன் கதை சொல்லப்படுகிறதா? கண்டவற்றை எழுதிக்கொண்டு வந்து சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள்.