பதினெண்மர் அறையும் தாம்பரம் விடுதிகளும்

கல்லூரி என்றதும் வகுப்பறை நம் நினைவுக்கு வருகிறது. மாணவன் உறங்கும் அறை வருவதில்லை. ஆயினும் மேலைநாட்டுக் கல்லூரிகளின் வரலாறு அவ்வறையிலிருந்தே தொடங்குகிறது. 1180ஆம் ஆண்டில், எருசலேம் திருப்பயணம் முடித்துத் திரும்பிய இலண்டன் நகர ஜோசியுஸ் என்பவர், பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் ஏழை மாணவர்கள் தங்கிவந்த அறையைக் கண்டார். அதனை விலைகொடுத்து வாங்கி, பதினெட்டு மாணவர்க்கு நிலையான உறைவிடமாக்கினார். மருத்துவமனையில் இறந்தோரின் அடக்கத்தில் சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்வதே அவர்கள் ஆற்றவேண்டிய கைம்மாறு. ஏழைகள் தங்குவதற்கு இடம் வேண்டும் என்ற இரக்கமே கல்லூரி என்னும் அமைப்புக்கு வித்தாயிற்று.

இவ்வித்து நம் மண்ணிலும் முளைத்தது. 1837இல் சென்னையில் தோன்றிய ஸ்காட்லாந்து சபையாரின் பள்ளி, பின்னர் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, ஜார்ஜ் டவுனின் நெரிசலில் நெடுங்காலம் இயங்கியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது, தொலைவு சுருங்கியது. 1937இல் கல்லூரி தாம்பரத்துப் புதர்க்காட்டில் குடியேறியது. வளாகத்தைத் திட்டமிட்டவர் சுவிஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டி. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிசும் மரங்களை நட்டு அவ்விடத்தைச் சோலையாக்கினர்.

அவர்கள் மாணவரையெல்லாம் ஒரே மாளிகையில் அடைக்கவில்லை என்பது கருதத்தக்கது. சேலையூர் விடுதி, புனித தோமா விடுதி, பேராயர் ஹீபர் விடுதி என மூன்று இல்லங்கள் எழுந்தன. ஒன்றுக்கு அண்டைச் சிற்றூரின் பெயர். ஒன்றுக்கு நம் திருத்தூதரின் பெயர். மற்றொன்றுக்கு 1826இல் திருச்சியில் உயிர்நீத்த ஆங்கிலிக்கன் ஆயரின் பெயர். பேராசிரியர் ஒருவர் காப்பாளராக அருகிருந்தார். மாணவர் தம் தலைவர்களைத் தாமே தேர்ந்தனர். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அளவில் இல்லம் அமையுமானால், நோயுற்றவனையும் உண்ணாதவனையும் கண்டறிவது எளிது. காற்றும் வெளிச்சமும் நிழலும் ஆடம்பரச் செலவுகள் அல்ல. கட்டுமுன் சிந்தித்தால் குறைந்த பொருளிலேயே கிட்டுபவை.

இன்று தாம்பரம் முதல் வண்டலூர், பொத்தேரி வரை கல்லூரிகள் பெருகிவிட்டன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் தென்மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். அவர்களுள் பலருக்குக் கிடைப்பது, சன்னலை மறைத்துக் கட்டில்கள் அடுக்கிய வாடகை அறையே. அவ்வாடகை வீடுகளுள் சில நம் பங்கு மக்களுடையவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்று நம் ஆண்டவர் இறுதிநாளில் கேட்பார். ஓர் அறையில் எத்தனை கட்டில் கொள்ளும் என்று கணக்கிடுமுன், நம் மகன் அங்கே அமர்ந்து படிக்க இயலுமா என்று நாம் கேட்போம். பயன்படாதிருக்கும் பங்குக் கட்டடம் ஒன்றைப் பதினெட்டுப் பேருக்குத் திறந்துவிட்டாலும் போதும்; பழைய அறமொன்று நம்மிடையே மீண்டும் தழைக்கும்.