நடராஜன், தங்கராசு

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானதும் அவர் பந்துவீசும் முறை ஐயத்துக்கு உள்ளானது. கையசைவைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஒரு சூப்பர் ஓவரின் ஆறு பந்துகளையும் யார்க்கராக இறக்கினார். தேர்வாளர்கள் கண்ணில் பட்டது அந்த ஓவர்தான். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் தொடங்கி 3 கோடிக்குப் போனார். பஞ்சாபுக்காக 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுதான் கிடைத்தது. மறு ஆண்டு ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கே எடுத்தது. ஆனாலும் யார்க்கரை வைத்து அவரை எடைபோட்டவர்கள் தவறவில்லை: 2020 தொடரில் 16 விக்கெட் வீழ்த்தினார். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச ஆஸ்திரேலியா சென்றவர், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார்.